ஞானத்தகப்பன் பெயர்: கோலசிலாங்கூர் தோட்டங்களும் கோயில் ஏடுகளும்

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்குக் கிழக்கே உலு சிலாங்கூரிலும் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பரம்பரையை எழுதி வைத்தவர்கள் அல்லர். தாத்தாவின் பெயர் பேரனுக்குத் தெரியும். தாத்தாவின் தகப்பன் பெயர் அடையாள அட்டையில் ‘மகன்’ என்று பொருள்படும் ‘அனாக் லெலாக்கி’க்குப் பின்னால் நிற்கும். அதற்கு மேல் ஓர் ஊர்ப் பெயரும் கப்பல் ஏறிய கதையும் மிஞ்சினால் பெரிது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மட்டும் இதைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்கிறது. ஞானஸ்நானம், மெய்விவாகம், மரணம் ஆகியவற்றை எழுதி வைத்த கோயில் ஏடுகளே அந்த வழி. தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோல் ஆளின் பெயரையும் வேலை நாளையும் கூலியையும் எழுதியது. அவனைப் பெற்றவள் யார் என்று அது கேட்டதில்லை. கோயில் ஏடு கேட்டது.

சிலாங்கூரில் 1890களில் காப்பி பயிரிட்டவர்கள் விலை விழுந்ததும் ரப்பருக்கு மாறினார்கள். 1910ஐ ஒட்டி ரப்பர் விலை ஏறியபோது புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கமெல்லாம் காடு அழிந்து தோட்டமானது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தென்னமரம் என்ற இடத்தில் தொடங்கியவரும் அவரே. பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். செம்பனைக்குப் பேர் போன தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர் நிலைத்ததிலிருந்தே அங்கே யார் குரல் ஓங்கி ஒலித்தது என்பது விளங்கும்.

இந்தத் தோட்டங்களுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் கங்காணி வழியில். வேலையில் இருக்கும் ஒருவரைத் தோட்டத்துரை ஊருக்கு அனுப்புவார். அவர் தம் கிராமத்திலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்துக் கூட்டி வருவார். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னாற்காடு, வடஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டத்து ஆட்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். 1938இல் இந்திய அரசு இந்த அனுப்புகையை நிறுத்தியது. கங்காணி முறையின் தன்மை வம்சம் தேடுகிறவருக்கு மிக முக்கியம்: வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் பல நேரம் ஒரே ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள்.

அவர்களில் கத்தோலிக்கர் சிறு பகுதியினர். அவர்களைத் தேடி வந்த சாமியார்கள் நெடுங்காலம் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையினர். அந்தச் சபைக்கே புதுச்சேரி மிஷனும் சொந்தம் என்பதால் தமிழ் பேசத் தெரிந்த பிரெஞ்சுச் சாமியார் மலாயாவில் அதிசயமாக இருக்கவில்லை. 1888இல் மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பட்டது. கோலாலம்பூரில் சாமியார் லெத்தெசியே 1883இல் தொடங்கிய பங்கே இன்றைய புனித அருளப்பர் பேராலயம். தமிழருக்கென்று புனித அந்தோணியார் கோயில் 1910இல் அதே நகரத்தில் ஏற்பட்டது. கிள்ளானில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. கோலாலம்பூர் தனி மறைமாவட்டமானது 1955இல். முதல் ஆயர் டோமினிக் வெண்டர்கோன்.

இந்த ஆண்டுகள் தேடலுக்கு நேரடியாக உதவுகின்றன. தோட்டத்தில் கோயில் இல்லாத காலத்தில் சாமியார் எப்போதாவது வந்து, பள்ளிக்கூடத்திலோ தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டிலோ பூசை வைத்து, அன்றைக்கே பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். பதிவு அவர் எந்தப் பங்கிலிருந்து வந்தாரோ அந்தப் பங்கின் புத்தகத்தில் ஏறும். ஆகவே புக்கிட் ரோத்தானில் பிறந்தவரைப் புக்கிட் ரோத்தானில் தேடிப் பயனில்லை. அந்த ஆண்டில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தது எந்தக் கோயில் என்று முதலில் கேட்க வேண்டும். இடப்பெயர் மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்: பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அங்குள்ள கோயில் வனத்துச் சின்னப்பர் பெயரில் இருக்கிறது. திருச்சி, தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களின் பக்தி அந்தப் பெயரோடு கடல் கடந்து வந்திருக்கிறது.

கோயில் ஏடு குடும்பக் கதைக்காக எழுதப்பட்டதல்ல. 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கம் மெய்விவாகத்தையும் ஞானஸ்நானத்தையும் பங்குச் சாமியார் எழுதி வைக்க வேண்டும் என்று விதித்தது. 1918இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பு அதை விரிவாக்கியது. ஞானஸ்நானம் பெற்றவர், கொடுத்தவர், பெற்றோர், ஞானப்பெற்றோர், இடம், நாள் அனைத்தும் எழுதப்பட வேண்டும். யார் யாரை மணக்கலாம், யார் யாரை மணக்கக் கூடாது என்பதை அறிவதே இதன் முதல் நோக்கம். இந்த நோக்கத்தை மறக்காமல் படித்தால் ஏட்டின் ஒவ்வொரு பத்தியும் ஏதாவது சொல்லும்.

பழைய பக்கம் ஒன்றை விரித்தால் கறுத்த மையில் சாய்ந்த எழுத்து, மொழி லத்தீன். நாள் சொல்லால் எழுதப்பட்டிருக்கும். பிறகு ‘பாப்டிசாவி’, அதாவது ‘நான் ஞானஸ்நானம் கொடுத்தேன்’. அடுத்துப் பிள்ளையின் பெயர், பிறந்த நாள். அதன் பின் ‘ஃபீலியும் லெகீத்திமும்’ என்று முறைப்படி மணந்தவர்களின் மகன் என்பதற்கான குறிப்பும் தகப்பன் பெயரும் தாய் பெயரும். ‘பாத்ரீனுஸ்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஞானத்தகப்பன் பெயர். கடைசியில் சாமியாரின் கையெழுத்து. ஐந்தாறு வரிதான். இத்தனை லத்தீன் தெரிந்தாலே பாதி ஏட்டைப் படித்துவிடலாம். ஒரே வாய்பாடு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960களின் பிற்பகுதியிலிருந்து, லத்தீன் விலகி ஆங்கிலம் வந்தது.

சிக்கல் பெயர்களில் இருக்கிறது. வீட்டில் சூசை என்று கூப்பிட்டவரை ஏடு யோசேபுஸ் என்று எழுதும். அருளப்பன் யொவான்னெஸ் ஆவார், இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். இவை பெரும்பாலும் ஒலியைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல. பொருளைப் பெயர்த்து வைத்தவை. கிரேக்கத்தில் ஸ்தெஃபனோஸ் என்றால் முடி, ஆகவே முடியப்பன். பவுலுஸ் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பன். சூசை, சந்தியாகு போன்றவை ஒலியோடு வந்தவை. எனவே குடும்பத்தார் சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு பெயர் அகராதியை மேலிருந்து கீழே தேடினால் தாத்தா கிடைக்கமாட்டார். தமிழ்ப் பெயரை லத்தீனாக்கிக்கொண்டு தேட வேண்டும். கிடைத்த லத்தீனை மறுபடியும் தமிழாக்கி, வீட்டில் பேசும் பெயரோடு பொருத்தவும் வேண்டும். ஆரோக்கியசாமி, அடைக்கலம், அமலோற்பவம் போன்ற பெயர்களுக்கு ஒட்டிய லத்தீன் கிடைக்காதபோது சாமியார் தமிழ்ப் பெயரையே விட்டிருப்பார். அப்போது எழுத்துக்கூட்டல் தொல்லை. பிரெஞ்சுக்காரர் ‘உ’ ஒலிக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துப் போடுவார். தோட்டத்து ஆங்கிலக் கிராணி ஒரே எழுத்தோடு முடித்துக்கொள்வார். ஒரே சவரிமுத்து இரண்டு ஏட்டில் இரண்டு ஆள் போலத் தோன்றுவது இதனால்தான்.

மாதங்களிலும் ஒரு பொறி உண்டு. பழைய கைகளில் ‘7-பிரிஸ்’ என்று எழுதியிருந்தால் அது ஏழாம் மாதமான ஜூலை அல்ல, செப்டம்பர். ரோமானியக் கணக்கில் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. செப்தெம் என்றால் ஏழு. அப்படியே 8 அக்டோபருக்கும் 9 நவம்பருக்கும் 10 டிசம்பருக்கும் நின்றது. அடையாள அட்டையில் ஜூலையும் குடும்ப நினைவில் புரட்டாசியும் முட்டிக்கொண்டால் இந்த ஏட்டு வழக்கத்தைச் சந்தேகிப்பது நல்லது.

இதே பொறியில் விழுந்து எழுந்தவர்கள் உலகின் மறுகோடியில் மெக்சிகோவிலும் இருக்கிறார்கள். அங்கே அரசாங்கப் பதிவு 1859இல்தான் சட்டமானது. அதற்கு முன் மூன்று நூற்றாண்டுகளுக்குக் கோயில் ஏடுகளே எல்லாருக்கும் ஆதாரம். அங்கும் 7, 8 என்று எண் போட்டு மாதம் எழுதும் வழக்கம் உண்டு. அங்கும் யாகப்பர் பெயர் சந்தியாகோ. அந்த ஏடுகள் ஆளை ஸ்பானியன், மெஸ்தீசோ, இந்தியன் என்று இனம் பிரித்து எழுதின. விடுதலைக்குப் பிறகு 1822இல் அரசு ஆணை அதைத் தடுத்தது. மெக்சிகோவின் ஏடுகள் 1950களிலிருந்தே யூட்டாவின் மார்மோன் வம்சவரலாற்றுச் சங்கத்தால் நுண்படமாக்கப்பட்டதால் இன்று அந்நாட்டு வம்சாவளியினர் வீட்டிலிருந்தபடியே தேடுகிறார்கள். 2008இல் வத்திக்கான் இத்தகைய படமெடுப்புக்கு மறைமாவட்டங்கள் இனி இடம் தரக்கூடாது என்று எழுதிவிட்டது. மலேசியத் தமிழர் தேடல் ஆளுக்கு ஆள் பங்கு அலுவலகத்துக்கு நடையாக நடப்பதாகவே நீள்வதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம்.

தோட்டத்துப் பதிவுகளில் சில பிள்ளைகளுக்கு இரண்டு நாள் எழுதியிருக்கும். சாமியார் மாதக்கணக்கில் வராத இடத்தில் பிறந்த குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து என்றால் உபதேசியாரோ, அவர் இல்லையென்றால் விவரம் தெரிந்த யாராவது ஒருவரோ, தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பிள்ளை பிழைத்தால் சாமியார் வந்தபோது எஞ்சிய சடங்குகளைக் கோயிலில் நிறைவேற்றுவார். ஏட்டில் முதல் நாளோடு ‘மரண ஆபத்தில்’ என்ற பொருளுள்ள லத்தீன் தொடரும், பிறகு சடங்குகள் நிறைவு செய்யப்பட்டன என்ற வரியும் வரும். அறியாதவர் இதை இரண்டு பிள்ளைகளாக எண்ணிக்கொள்வார். அறிந்தவர் அந்தக் குழந்தை பிறந்த வாரத்திலேயே சாவின் வாசலைப் பார்த்து வந்தது என்று புரிந்துகொள்வார்.

தேடுகிறவர்கள் மிக எளிதாகக் கடந்துபோகும் பத்தி ஞானப்பெற்றோர் பத்தி. உண்மையில் அதுவே ஏட்டின் கருவூலம். திருச்சபைச் சட்டத்தில் ஞானஸ்நானம் ஓர் ஆன்ம உறவை ஏற்படுத்தியது. 1918 வரை ஞானத்தகப்பன் தான் தாங்கிய பிள்ளையை மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் தாயையும் மணக்க முடியாது. அதனால் ஞானப்பெற்றோர் பெயரைத் தவறாமல் எழுதினார்கள். ஸ்பானிய உலகத்தில் இந்த உறவுக்குக் கொம்பாத்ரே என்று பெயர். போர்த்துக்கீசியத்திலிருந்து அதே சொல் கும்பாதிரி என்று பழைய தமிழுக்கும் வந்தது. தோட்டத்தில் இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள்? முதல் பிள்ளைக்கு அநேகமாகச் சொந்தக்காரர், அதே ஊர்க்காரர். சில வேளை கங்காணி அல்லது அவர் மனைவி. பிள்ளையின் தகப்பன் எந்த ஊர் என்று ஏட்டில் இல்லாவிட்டாலும், ஐந்து பிள்ளைகளின் ஞானப்பெற்றோர் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்தப் பத்துப் பேரையும் ஏட்டில் தேடிப்பார்த்தால் அவர்களில் ஒருவரின் மெய்விவாகப் பதிவிலாவது ஊர்ப் பெயர் எழுதியிருக்க வாய்ப்புண்டு. அது தேடும் குடும்பத்தின் ஊராகவும் இருக்கக்கூடும். தாத்தாவைத் தாத்தாவின் பதிவில் மட்டும் தேடுவது கிணற்றுக்குள் நின்று ஊரைப் பார்ப்பது போன்றது.

ஞானப்பெற்றோர் வரிசை மாறும் ஆண்டும் கவனிக்கத்தக்கது. முதல் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கூட்டத்திலிருந்து ஞானப்பெற்றோர் வந்து, நான்காவதற்கு முற்றிலும் புதிய பெயர்கள் வந்தால், இடையில் குடும்பம் தோட்டம் மாறியிருக்கலாம். அல்லது ஏதோ மனக்கசப்பு. ஏடு காரணம் சொல்லாது. தோட்டப் பெயர் மாறியிருந்தால் முதல் விளக்கம் பொருந்தும், மாறாவிட்டால் இரண்டாவதையும் நினைத்துப் பார்க்கலாம்.

மெய்விவாகப் புத்தகம் இதைவிட ஆழத்துக்குப் போகும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்பதே அதன் நோக்கம். தமிழர் விஷயத்தில் மிகப் பெரிய தடை தமிழரின் வழக்கமே: அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று உரிமையோடு கேட்டுக் கட்டிக்கொள்ளும் உறவுகள் திருச்சபைக் கண்ணில் இரத்த உறவுத் தடை. தடை நீங்க ஆயரிடமிருந்து விலக்கு வாங்க வேண்டும். விலக்கு கேட்கும் மனுவில் இருவருக்கும் பொதுவான முன்னோர் யார், எத்தனை தலைமுறை என்று கிளை போட்டுக் காட்ட வேண்டும். சட்டம் கேட்டதற்காக யாரோ ஒரு சாமியார் உபதேசியாரை உட்கார வைத்து விசாரித்து எழுதிய அந்தச் சிறு கிளைப்படம் குடும்பத்தின் முதல் வம்சாவளியாகவும் ஆகிவிடுகிறது. மெக்சிகோவிலும் இதே கதைதான். அங்கே ‘மணத் தகவல்’ கோப்புகளில் பாட்டன் பூட்டன் பெயர்கள் கிளைப்படமாகவே கிடைக்கின்றன. அந்நாட்டுப் பூர்வகுடிகளுக்கு மட்டும் இரண்டாம் படிக்கு அப்பால் தடை இல்லை என்று மூன்றாம் பவுல் பாப்பு 1537இல் சலுகை கொடுத்திருந்தார். தமிழ்நாட்டு மணமுறையைச் சட்டத்தோடு பொருத்தச் சாமியார்கள் பட்ட பாடு அங்குள்ளவர்கள் பட்டதைவிடக் குறைந்ததல்ல.

மனு கிடைக்காவிட்டாலும் மணப்பதிவில் உள்ள ஒரே தொடர் போதும். ‘இரண்டாம் படி இரத்த உறவில் விலக்கு பெற்று’ என்றிருந்தால் மணமக்களுக்குப் பொதுவான பாட்டன் பாட்டி உண்டு. அதாவது அத்தை மகன், மாமன் மகள். ‘முதலைத் தொடும் இரண்டாம் படி’ என்றால் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டியிருக்கிறார். மணமகளின் பாட்டனும் மணமகனின் தகப்பனும் ஒருவரே. மூன்றாம் படி என்றால் பூட்டன் பொது. படியை எண்ணும் முறை 1983இல் மாறியது. பழைய கணக்கில் பொது முன்னோரிலிருந்து ஒரு பக்கத் தலைமுறையை மட்டும் எண்ணினார்கள். புதிய சட்டத்தில் இரு பக்கத்தையும் கூட்டுகிறார்கள். 1950இல் இரண்டாம் படியாக இருந்த மாமன் மகள் 1990இல் நான்காம் படி. ஆண்டைப் பார்க்காமல் படியை மட்டும் படித்தால் இரண்டு தலைமுறையே கூடிவிடும்.

ஏட்டின் ஓரத்தில் இன்னொரு செல்வம் இருக்கிறது. 1908 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஒருவர் எங்கே மணந்தாலும் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும்; அங்குள்ள சாமியார் பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து வேறு மாநிலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் சுவடு இப்படி ஓரக் குறிப்பில் கிடைக்கிறது. இதே விதியின்படி, ஊரில் ஞானஸ்நானம் வாங்கி மலாயாவில் மணந்தவரின் செய்தி லால்குடிப் பக்கத்துக் கிராம ஏட்டின் ஓரத்துக்கும் போய்ச் சேர வேண்டும். கடலுக்கு இரு கரையிலும் உள்ள இரண்டு புத்தகங்களைத் தைக்கும் நூல் அந்த ஓரக் குறிப்பு.

1942 முதல் 1945 வரை அந்த நூல் பல இடத்தில் அறுந்தது. ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். அங்கே செத்தவர்களுக்குக் கோயில் மணி அடிக்கவில்லை, மரண ஏட்டில் பெயர் ஏறவில்லை. ஆனால் திரும்பி வராதவரின் மனைவி மறுமணம் செய்யக் கேட்டால் புருஷன் இறந்ததற்குத் திருச்சபை சாட்சி கேட்டது. பத்திரம் இல்லாத இடத்தில் கண்ணால் கண்டவர்கள் சொல்வதைச் சத்தியத்தின்மேல் எழுதி வாங்க வேண்டும் என்பது 1868 முதலே உள்ள நெறி. ஆகவே போருக்குப் பிந்தைய விதவை மணங்களின் கோப்புகளைப் பார்க்கக் கிடைத்தால் விடக்கூடாது. மரண ஏடு விட்ட இடத்தை மணக்கோப்பு நிரப்பக்கூடும்.

ஊர்ப் பெயர் தெரிந்தபின் தேடல் தமிழ்நாட்டுக்கு மாறும்போது கேட்க வேண்டியது எந்த மாவட்டம் என்பதை அல்ல, எந்த மறைமாவட்டம் என்பதை. அதுவும் அந்த ஆண்டில். லால்குடி, புறத்தாக்குடி, ஏலாக்குறிச்சி பக்கத்துப் பங்குகள் 1899 வரை புதுச்சேரியின் கீழ் இருந்து, பிறகு புதிதாகப் பிரிந்த கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு வந்தன. சேலம் 1930இல் தனியானது. காவிரிக்குத் தெற்கே தஞ்சாவூர் வட்டாரம் போர்த்துக்கீசிய ஆதரவில் இயங்கி வந்த மயிலாப்பூரின் கீழ் 1952 வரை இருந்தது. ஒரே ஊரில் பிரெஞ்சு மிஷனுக்கு ஒரு கோயிலும் போர்த்துக்கீசிய ஆதிக்கத்துக்கு ஒரு கோயிலும் இருந்த இடங்கள் உண்டு. அங்கே இரண்டு ஏட்டையும் பார்க்காமல் இல்லை என்று சொல்லக்கூடாது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வசதி அதிகம். பிரெஞ்சு அரசின் பிறப்பு, மணப் பதிவுகளின் படி பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். லண்டனில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தேவாலயப் பதிவுகளில் தோட்டத் தமிழரைத் தேடிப் பொழுது கழிப்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் வெள்ளையருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் உரியவை. தோட்டத்துக் கிராணிகளாக வந்த யாழ்ப்பாணத்தார் கதை வேறு. அங்கே டச்சுக்காரர் காலத்திலேயே ஞானஸ்நானமும் மணமும் தோம்பு என்ற பதிவேடுகளில் ஏறின.

சங்கிலி எங்காவது முடியும். பல குடும்பங்களில் அது முடிவது வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்ற ஒருவரிடம். அந்தப் பதிவில் வயது இருக்கும், பழைய பெயரும் சில நேரம் இருக்கும். ஆனால் பெற்றோர் ‘அஞ்ஞானிகள்’ என்ற ஒரே லத்தீன் சொல்லில் அடங்கிவிடுவார்கள். முனியாண்டி அந்தோணியான நாளுக்கு முன்னால் கோயில் ஏட்டுக்கு எதுவும் தெரியாது. தோட்டத்து இந்துக்களில் பெரும்பாலோர்க்குத் தொடக்கத்திலிருந்தே நிலைமை இதுதான். அவர்களுக்கு உதவுவது தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவு, குலதெய்வத்தின் பெயர், கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல்.

இந்த ஏடுகளைக் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு வம்ச ஆசையை விடப் பத்திரத் தேவையே பெரிது. 1948இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை வந்தபோதும் 1957க்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போட்டபோதும் பிறந்த இடமும் நாளும் காட்ட வேண்டியிருந்தது. சூராபெரானா என்ற பிறப்புச் சான்றிதழ் எடுக்காமலே விட்டுப்போன பிள்ளைகளுக்குக் கோயில் கொடுத்த சான்றிதழ் துணைச் சான்றாக நின்றது. 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் ஆவணமில்லாத இந்தியரைப் பதியத் தொடங்கியபோதும் இதே கேள்விகள் திரும்ப எழுந்தன. இதற்கிடையே தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல இடத்தில் வீட்டுமனை வந்துவிட்டது. தோட்டப் பெயர் சில இடத்தில் தமிழ்ப் பள்ளியின் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

பங்கு அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது வழக்கமாகக் கிடைப்பது சுருக்கச் சான்றிதழ். அதில் பெயர், நாள், பெற்றோர் வருவார்கள். ஓரக் குறிப்பும் ஞானப்பெற்றோர் பெயரும் விடுபடக்கூடும். ஏடுகள் பொதுமக்கள் புரட்டுவதற்கானவை அல்ல, தத்து, மணமுறிவு போன்ற செய்திகள் அவற்றில் இருப்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. விண்ணப்பத்தில் முழுப் பதிவின் படி வேண்டும், ஓரத்தில் எழுதியுள்ளதும் வேண்டும் என்று தெளிவாக எழுதுவது நல்லது. ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் மூன்று ஆண்டு சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டுப் பெயர், லத்தீன் பெயர், தோட்டத்தின் பழைய பெயர், லயத்தில் வழங்கிய பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தேடித் தருகிற எழுத்தருக்கும் வேலை பாதியாகும்.